மணல்மேட்டுச் சிலந்திக்கு நான் சொன்ன ஜோடி

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். திருவாலங்காட்டில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் எழுதினது எல்லாம் பூச்சி பாட்டிலுக்குள் போடுகிற பேர்ச் சீட்டு. சீட்டில் நாலு வரிக்கு மேல் இடம் இருக்காது, அதனால் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. முன்னால் நடந்தது பின்னால் வரும். வருஷம் எதுவும் சரியாக நினைவில் இல்லை.

எங்கள் ஆபீஸின் பழைய பாட்டில்களை இப்போது வைத்திருக்கிற இடத்தில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாசம் அவள் கும்மிடிப்பூண்டியில் என் மகள் வீட்டுக்கு வந்தாள். பழைய பதிவு நோட்டில் ‘தனம்’ என்று பல இடத்தில் வருகிறதாம். யார் அந்தத் தனம் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான்தான் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சுவாக்கில் சொன்னாள், இப்போதெல்லாம் சிலந்தியின் ஒரு கால் துண்டு கிடைத்தால் போதும் என்று. அதை மிஷினில் கொடுத்துப் பார்த்தால் இந்த ஆணும் அந்தப் பெண்ணும் ஒரே இனமா, வேறு வேறா என்று தெரிந்துவிடுமாம். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு டீயைக் குடித்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள் அம்மா என்று கேட்டுவிட்டுப் போனாள். பார்த்ததை எழுதுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆபீஸ் திருவள்ளூரில் ரயிலடிக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தது. பூச்சிகளையும் சிலந்திகளையும் சேர்த்து வைத்துப் பேர் சொல்லுகிற சின்னக் கிளை ஆபீஸ். சற்குணம் சார், கிளார்க் கோவிந்தராஜு, நான். அவ்வளவு பேர்தான். என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம், பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் துடைப்பம். அடுத்த வருஷம் பாட்டில் கழுவுவது, ஸ்பிரிட் ஊற்றுவது. மூன்றாம் வருஷம் சார் பென்சிலைக் கொடுத்துச் சீட்டு எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு எப்போது பூச்சியைப் பிரித்து வைக்கிற வேலையும் என்னிடம் வந்தது என்று எனக்கே தெரியாது.

மதுவிலக்கு இருந்த காலம். ஸ்பிரிட் வாங்கப் பர்மிட் வேண்டும். கோவிந்தராஜு ஊத்துக்கோட்டைக்காரர், வாய் சும்மா இருக்காது. கேனைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம், “ஊரே நாக்கு வறண்டு கெடக்குது, இங்க பூச்சிங்க மட்டும் முழுகிக்கினு கீது பாரு நைனா” என்பார். தெருவில் எங்களுக்கு அதுதான் பேர், சாராயத்தில் பூச்சி ஊறவைக்கிற ஆபீஸ்.

சார் ஒல்லியாக இருப்பார். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டனைப் போட்டுக்கொள்வார். கை ஓரம் தொங்கினால் பூச்சி மேலே இழுபடும் என்று. சத்தம் போட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கையில் பாட்டில் இருக்கும்போது யாராவது பேசினால், முதலில் அதை மூடுவார், கீழே வைப்பார், பிறகுதான் பதில் சொல்லுவார். வேலைக்காரி பேசினாலும் அப்படித்தான். அதனால் நான் அவரிடம் அதிகம் பேசவே மாட்டேன். என்னால் அவர் வேலை நிற்கிறதே என்று இருக்கும்.

யார் எதைச் சொன்னாலும் அவர் ஒன்று கேட்பார். பார்த்தாயா, நினைத்தாயா என்று. ஒரு நாள் கோவிந்தராஜு வந்து, அரக்கோணம் வண்டி போய்விட்டது என்றார்.

“பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“சத்தம் கேட்டுது சார்.”

“அப்போ சத்தம் கேட்டுதுன்னு சொல்லுங்க.”

கோவிந்தராஜு வெளியே வந்து, “இந்த மனுசன்கிட்ட பேஜாரு தனம்மா, பசிக்குதுன்னு சொன்னாக்கூட வயித்தைத் தொறந்து காட்டணும்” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் சார் தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்குக் கொஞ்சமும் வெட்கப்பட்டதில்லை. எத்தனையோ சீட்டில் ஊர் பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடச் சொல்லியிருக்கிறார். என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

அவர் ஆயுசு முழுவதும் பார்த்தது ஒரே வகைச் சிலந்தியை. வலை கட்டாது. ஓடிப் பிடித்துத் தின்னும். நம் வீட்டுச் சுவரிலும் இருக்கும், உள்ளங்கை அகலத்துக்குக் காலைப் பரப்பிக்கொண்டு, வயிற்றுக்கடியில் வெள்ளையாகத் தட்டையாக முட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். விளக்குமாற்றால் அடித்துவிடுவோம். அதன் சொந்தக்காரர்கள் பாலைவனத்திலும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியாது என்று சார் சொல்லுவார். அவருடைய பழைய மாணவர் ரகுபதி என்பவர் ராஜஸ்தானில் கிணறு போடுகிற இலாகாவில் இருந்தார். அவர் ராத்திரி கூடாரத்தில் லாந்தர் வெளிச்சத்துக்கு வருவதைப் பிடித்து, மாத்திரை பாட்டிலில் போட்டு, ரயில் பார்சலில் அனுப்புவார். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். அதிலும் பாதி குஞ்சு. குஞ்சை வைத்து இனம் சொல்ல முடியாது. அவற்றை நான் ‘வயசுக்கு வராதது’ என்று தனியாக எடுத்து வைப்பேன். சார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அது சரியான வார்த்தைதான் என்றார்.

வேலை எப்படி என்றால், அடியில் மெழுகு வைத்த கண்ணாடித் தட்டில் ஸ்பிரிட் ஊற்றி, சிலந்தியைக் குப்புற வைக்க வேண்டும். முதலில் கண். எட்டுக் கண், நாலு நாலாக இரண்டு வரிசை. பிறகு கால். சார் பூதக்கண்ணாடிக்குள் பார்த்து அளவு சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன். எந்தக் கால் நீளம், அதற்கு அடுத்தது எது, ஒவ்வொரு காலிலும் எத்தனை முள். பாதத்தின் அடியில் முடி எப்படி. கடைசியாகத்தான் முக்கியமானது. ஆண் சிலந்திக்கு வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கை உண்டு. அதன் நுனி துணி சுற்றின மாதிரி உருண்டிருக்கும், பக்கத்தில் ஒரு கொக்கி. இனத்துக்கு ஒரு கொக்கி. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு தகடு. ஆணை வைத்து ஆணைக் கண்டுபிடிக்கலாம், பெண்ணை வைத்துப் பெண்ணை. ஆனால் எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதை உடம்பு சுலபத்தில் சொல்லாது. நிறைய கிடைத்தால் தெரியும். இரண்டு மூன்றுதான் கிடைக்கிறது என்றால், எந்த இடத்தில் பிடித்தது என்கிற சீட்டு ஒன்றுதான் துணை. சீட்டு போனால் பூச்சி போன மாதிரி என்பார் சார்.

இனி அந்த நாளைச் சொல்லுகிறேன்.

அதற்கு முந்தின பார்சலில் ஒரு பெண் சிலந்தி வந்திருந்தது. மணல்மேட்டில் பிடித்தது என்று சீட்டு. வெளிறின நிறம். பாதத்தின் அடியில் விளக்குமாறு மாதிரி நீள முடி. இதுவரைக்கும் யாரும் எழுதாத இனம் என்று சாருக்குத் தோன்றிவிட்டது. ஆண் கிடைக்காமல் எழுத அவருக்கு மனசு வரவில்லை. ரகுபதிக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். கடைசியில், இரண்டு ஆண் அனுப்புகிறேன், ஒன்று மணல்மேட்டில் பிடித்தது, இன்னொன்று ரொம்பத் தூரத்தில் பாறை இடுக்கில் பிடித்தது, எனக்கு இங்கிருந்து மாற்றல், இனிமேல் அனுப்ப முடியாது என்று அவர் எழுதினார்.

பார்சல் வந்த அன்றைக்கு மேலாபீசர் ஒருவர் சோதனைக்கு வந்திருந்தார். சார் முன் அறையில் அவரோடு இருந்தார். கோவிந்தராஜு ரயிலடியிலிருந்து சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, “பொட்டி வேர்த்துக்கினு கீது தனம்மா” என்று என்னிடம் வைத்துவிட்டுப் போனார். ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே உடைந்திருக்கிறது.

உடைந்த பார்சலுக்கு என்று ஒரு முறை உண்டு. மூடியைத் திறந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சாரைக் கூப்பிட வேண்டும். எது எங்கே கிடக்கிறது என்று அவர் படம் போடுவார். போட்டு முடித்த பிறகு ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பெரிய ஆபீசர் பேசிக்கொண்டிருக்கிற அறைக்குள் போய் சார் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வாசல்படி வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். திறந்த பெட்டிக்குள் பாட்டிலைச் சுற்றி அடைத்திருந்த மரத்தூளும் பஞ்சும் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்தால் சிலந்தி சுருங்கி, கால் ஒன்றொன்றாக உதிர்ந்துவிடும். பஞ்சோடு அப்படியே வாரி எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே ஸ்பிரிட்டை ஊற்றினேன்.

ஊற்றின பிறகுதான் பார்த்தேன். இரண்டு பாட்டிலும் நொறுங்கியிருந்தன. இரண்டு சிலந்தியும் ஒரே பஞ்சில். ஒன்றுக்குக் கால் கொஞ்சம் சிவப்பு, இன்னொன்று வெளிறினது. இரண்டு சீட்டும் சிலந்தியை விட்டுப் பிரிந்து தட்டில் மிதந்தன. ‘மணல்மேடு’ என்கிற சீட்டு மெல்ல நகர்ந்துபோய்ச் சிவப்புக்கால் பக்கத்தில் நின்றது. அது நான் ஊற்றின ஸ்பிரிட் தள்ளின இடம். பெட்டிக்குள் எது எதோடு இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்த நேரம் சார் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஆபீசர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த அம்மா என்ன படித்திருக்கிறது என்று சாரிடம் கேட்டார். சார் சொன்னார். “அஞ்சாங்கிளாஸ் பொம்பள கையில ஸ்பெசிமனைக் குடுத்திருக்கீங்க. ரொம்ப நல்லாருக்கு, மிஸ்டர் சற்குணம்” என்றார் அவர்.

சார் முகம் மாறவில்லை. “என் லென்ஸைவிட இவங்க கண்ணை நம்புவேன் சார்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தனம், எந்தச் சீட்டு எதோட இருந்துது? பாத்தியா, நெனச்சியா?”

தெரியாது சார் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்னைத் திட்டியிருக்க மாட்டார். கேள்விக்குறி போடு என்று பென்சிலைக் கொடுத்திருப்பார். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அந்த ஆபீசர் முன்னால் சாருக்குத் தலைகுனிவு வந்துவிடும் என்று பயந்தேன். எனக்கும் வரும் என்றுதான் பயந்தேன், பொய் சொல்லக்கூடாது.

“பாத்தேன் சார். செவப்புக்காலுதான் மணல்மேடு” என்றேன்.

சார் அங்கேயே நோட்டைத் திறந்து எழுதினார். திறந்தவர் தனம், கண்ணால் பார்த்துச் சொன்னது என்று. அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆபீசர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சார் ரகுபதிக்கும் எழுதிக் கேட்டார். லாந்தர் வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, நிறம் குறித்து வைக்கவில்லை என்று பதில் வந்தது.

அடுத்த மூன்று நாளும் சார் அந்தத் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. கொக்கி இரண்டும் வேறு வேறு. ஆகவே ஆண்கள் இரண்டும் வேறு இனம். மணல்மேட்டுப் பெண்ணுக்கு இதில் எது ஜோடி என்பதுதான் கேள்வி. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். சிவப்புக்காலுக்குப் பாதமுடி குட்டை. வெளிறினதுக்கு நீளம். அந்தப் பெண்ணுக்கு இருந்தது மாதிரியே.

“முடி வெளிறினதுக்குத்தான் பொருந்துது தனம்” என்றார்.

அவரே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை சார் என்று மூன்றே வார்த்தை. ஆபீசர் இல்லை, யாரும் இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தனக்குத்தானே பேசுவது மாதிரி சொன்னார்: “ஆனா முடி வெறும் அடையாளம். நீ பாத்தது சாட்சி. நமக்குப் பொருந்தலன்னு சாட்சியைத் தள்ளக்கூடாது. ஆணுக்கு முடி குட்டையா இருக்கலாம், யாருக்குத் தெரியும்.”

தட்டை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தார். சிவப்புக்காலுக்கும் மணல்மேட்டுப் பெண்ணுக்கும் ஒரே பேர் வைத்துப் புது இனம் என்று எழுதினார். வெளிறினது பாறைச் சிலந்தி, பெண் தெரியாது என்று ஆயிற்று. சீட்டு எழுதினது நான்தான். கோவிந்தராஜு எட்டிப் பார்த்து, “இன்னா தனம்மா, செவப்புக்கால் மாப்ளைக்குக் கண்ணாலம் முடிஞ்சுதா? பொண்ணூட்ல ஒத்துக்கினாங்களா?” என்று கேட்டார். சார்கூடச் சிரித்தார்.

அது புஸ்தகத்தில் அச்சாகி வந்தபோது, கடைசிப் பக்கத்தில் சார் விரல் வைத்துக் காட்டினார். இங்கிலீஷில் என் பேர். எனக்கு நன்றி என்று போட்டிருந்தாராம். வீட்டில் போய் யாரிடமும் சொல்லவில்லை. புஸ்தகத்தில் என் பேர் வந்தது என் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

நாலைந்து வருஷம் போயிற்று. வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை எழுதினவர் அதே பாலைவனத்தில், ஒரே மணல் வளைக்குள் ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். பெண் நம்முடைய மணல்மேட்டுப் பெண்தான். ஆணின் கொக்கியைப் படம் போட்டு அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது வெளிறினதின் கொக்கி. திருவள்ளூர்க்காரர் ஊகத்தில் ஜோடி சேர்த்துவிட்டார் என்று எழுதியிருந்தாராம். அந்த ஊகம் என்கிற வார்த்தையைச் சார் இரண்டு தடவை படித்துச் சொன்னார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“தனம், அன்னிக்குப் பாத்தேன்னு சொன்னியே. இப்போ நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாதி வழி போனேன். “மறந்துபோச்சு சார்” என்றேன்.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தார். என் கையெழுத்து இருந்த பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாகத் தள்ளினார்.

“பயப்படாதே. மறக்கும்னுதான் அன்னிக்கே எழுதி வச்சோம்” என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லுகிறார். நான் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஊகம் இல்லை, கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது, மணல்மேட்டில் இரண்டு இனமும் இருக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். அதற்கு அந்த ஆள் பதில் போடவில்லை. வேறு புஸ்தகத்தில் சார் எழுதினதைத் தப்பு என்று அச்சடித்துவிட்டார். மேலாபீசில் பேச்சாகிவிட்டது, அட்டெண்டர் பேச்சைக் கேட்டு இனம் பிரிக்கிற மனுஷன் என்று. இதைக் கோவிந்தராஜு டெல்லியிலிருந்து வந்த யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை. சார் அதற்குப் பிறகு புது இனம் எதுவும் எழுதவில்லை. பழைய பாட்டில்களுக்கு ஸ்பிரிட் ஊற்றுவதை மட்டும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் ஆபீஸையும் மூடிவிட்டார்கள். பாட்டில்களை லாரியில் ஏற்றினபோது ஒவ்வொன்றுக்கும் பஞ்சு சுற்றினது நான்.

அவர் மணவாள நகரில் குடியிருந்தார். ஒரு தடவை சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். கண்ணில் திரை விழுந்து பார்வை ரொம்பக் குறைந்திருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம், “இவங்கதான் நான் சொன்ன தனம். எல்லாரும் தப்புன்னாங்க, நான் விடலை. பாத்தவங்க இருக்கும்போது நான் எப்படி மாத்தி எழுதறது?” என்றார். நான் உள்ளே போய் சார் வீட்டு அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டு, நாலு மணி வண்டிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டார்.

இப்போது பாட்டில்களை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்புக்கால் பதினேழாம் நம்பர், வெளிறினது பதினெட்டு என்று நினைக்கிறேன், மாறியும் இருக்கலாம், நோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மணல்மேட்டுப் பெண் அதே அலமாரியில் தனியாக இருக்கும். மூன்றிலும் ஒரு கால் துண்டு எடுத்து அந்த மிஷினில் கொடுத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் ஸ்பிரிட்டில் கிடந்ததில் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் சொன்ன ஜோடி சரியாகவே இருந்தாலும், நான் பார்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். தப்பாக இருந்தால், ஊகம் என்று சார் பேருக்குப் பக்கத்தில் இருப்பதை அடித்துவிடுங்கள். அவர் ஊகிக்கவில்லை, கேட்டார். திறந்தவள் தனம், பார்க்காமல் பார்த்தேன் என்றவள் தனம் என்று பாட்டிலுக்குள் சீட்டில் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பென்சில் என்றால்தான் ஸ்பிரிட்டில் அழியாது.